சண்டை மீனுக்குத் துணை தேடியவன்

இன்று காலை கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பும்போது என் செருப்பின் அடியில் ஒரு பாதாம் இலை ஒட்டிக்கொண்டு வந்தது. நம் தெருமுனையில் நிற்கிற மரத்து இலைதான். மழைக்காலம் முடிகிற நேரத்தில் அது சிவந்து சிவந்து கொட்டும், தெருக் கூட்டுகிறவர்கள் திட்டிக்கொண்டே கூட்டுவார்கள். நாலு மாடி ஏறி வாசலில் செருப்பைக் கழற்றியபோது அந்த ஈர இலையின் வாடை மூக்கில் ஏறியது. தேயிலையை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோன மாதிரி ஒரு துவர்ப்பான வாடை. தொண்ணூற்றேழில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஏழு மாதம் இருந்த வாடை. செருப்பைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். மேல்வீட்டுப் பெண் இறங்கி வந்தவள், உடம்புக்கு ஏதாவதா என்று பர்மியில் கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருக்கிற பெண்டாட்டிக்கு எதற்குக் கடிதம் என்று இருந்துவிட்டேன். நீ போய்ப் பதின்மூன்று வருஷம் ஆகிறது. கல்லறைக்குப் பூ கொண்டுபோகிறேன், புல் பிடுங்குகிறேன், ஆனால் அங்கே நின்று பேச எனக்கு வாய் வருவதில்லை. பக்கத்துக் கல்லறைக்காரர்கள் எல்லாம் நம் சபை ஆட்கள். அவர்கள் காதில் விழுந்துவிடும் என்று கூச்சப்படுகிறேனோ என்னவோ. அதனால் எழுதுகிறேன்.

அந்த வருஷம் தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரத்தில்தான் நீ மூன்றாம் மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டாய். கையில் கீரைக்கட்டு, முகமெல்லாம் வியர்வை, இன்னும் ஒரு மாடி ஏற முடியவில்லை. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்து வைத்திருக்கிறது என்றார் டாக்டர். படி ஏறக் கூடாது, உப்பு ஆகாது, புகை ஆகாது, மாத்திரையை விடக் கூடாது, படுத்து ஓய்வாக இருந்தால் இன்னும் பல வருஷம் ஓட்டலாம் என்றார். அதை நான் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் உன்னிடம் வந்து சொன்னேன். நீயும் நம்பினாய். அந்த "பல வருஷம்" என்ற வார்த்தையை நீ அடுத்த நாள் காலையில் என்னிடம் மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னாய்.

அன்றிலிருந்து நீ நாலாம் மாடியை விட்டு இறங்கவில்லை. நான் கப்பல் ஏஜண்டு ஆபீசில் கிளார்க். காலை ஒன்பதுக்குப் போனால் சாயங்காலம் ஐந்துக்குத்தான் திரும்புவேன். பிள்ளைகள் இல்லாத வீடு. பகல் முழுக்க நீயும் சுவரில் இருக்கிற கடிகாரமும்தான். அப்போதுதான் எதிர்வீட்டு டோ லா மே நுழைந்தாள்.

யாரும் கூப்பிடவில்லை. அவளுக்குக் கூப்பிட வேண்டியதில்லை. ஒரு கையில் தேநீர் பிளாஸ்க், வாயில் சுருட்டு, இடுப்பில் செருகிய சின்ன நோட்டு. அந்த நோட்டில் அவள் திருட்டு லாட்டரிக்கு எண் எழுதுவாள் என்பது தெருவுக்கே தெரியும். உன் கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்து, இரவு என்ன கனவு கண்டாய் என்று கேட்பாள். யானை என்றால் ஒரு எண், பாம்பு என்றால் ஒரு எண். நீ கனவே காணாத நாட்களில் பொய்யாக ஒரு கனவைச் சொல்லி வைப்பாய், அதற்கும் எண் உண்டு. அவளை நீ பர்மியில் "மமா", அக்கா, என்று கூப்பிட்டாய். சொந்த அக்காளைக்கூட நீ அவ்வளவு இழுத்துக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவள் சிரித்தால் கீழே டீக்கடைக்குக் கேட்கும்.

அந்த மீனைக் கொண்டுவந்ததும் அவள்தான். லத்தா கடைத்தெருப் பக்கம் போனபோது வாங்கினாளாம், சாஸ் பாட்டிலில் ஒற்றைச் சண்டை மீன். சிவப்பு உடம்பு, வாலின் ஓரம் மட்டும் நீலம். "நீயும் தனியாக் கிடக்கிறே, இதுவும் தனியாக் கிடக்குது" என்று சொல்லி ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனாள். செவுளை விரித்துக்கொண்டு கண்ணாடியில் தெரிகிற தன் முகத்தையே அது முறைத்தது. ஆபீசில் என்னைப் பார்க்கிற மேனேஜர் மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னேன். அன்றே நீ அதற்குத் துரை என்று பெயர் வைத்துவிட்டாய்.

எனக்கு அதில் ஒரு பைத்தியம் பிடித்தது. இரண்டு அடி நீளத்தில் கண்ணாடித் தொட்டி செய்து வாங்கினேன். ஊரில் எப்போது கரண்டு போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாத காலம், காற்று மோட்டாரை நம்பி மீன் வளர்க்க முடியாது. சண்டை மீனுக்கு அந்தத் தொல்லை இல்லை, மேலே வந்து தானே மூச்சு வாங்கிக்கொள்ளும். தொட்டியில் செடி வைத்தேன், மீன் குதிக்காமல் இருக்க மேலே பலகை போட்டேன். உலர்ந்த பாதாம் இலையைத் தண்ணீரில் போட்டால் மீனுக்கு நோய் வராது என்று கேள்விப்பட்டு, தெருமுனை மரத்தடியில் பொறுக்கிக் காயவைத்தேன். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்தது. அந்தப் பழுப்புத் தண்ணீரில் துரை பட்டு மாதிரி நடமாடினான். நீ தலையணையை உயர்த்திக்கொண்டு பார்த்தபடி இருப்பாய்.

ஒரு நாள், இவ்வளவு பெரிய இடத்தில் அவனை ஒற்றையாக விடலாமா என்று கேட்டாய். அவன் சாதியே அப்படித்தான், இன்னொரு ஆணை விட்டால் இரண்டில் ஒன்று சாகும் என்றேன். "வேற சாதியில பாருங்களேன். பகல் பூரா தனியா இருக்கிறது எப்படின்னு எனக்குத் தெரியும்" என்றாய். அந்த ஞாயிற்றுக்கிழமையே லத்தாவில் காதர் பாயின் வளர்ப்பு மீன் கடைக்குப் போய் நின்றேன்.

காதர் பாய் தொப்பியைக் கழற்றிவைத்துவிட்டு, இது கலியாணத்துக்கு வரன் பார்க்கிற வேலையைவிடக் கஷ்டம் என்று ஆரம்பித்தார். பெரிய வாலும் பளிச்சென்ற நிறமும் உள்ளது ஆகாது, துரை அதை இன்னொரு சண்டை மீன் என்று நினைத்துக் கொத்துவான். அவன் உறவு சாதி எதுவும் ஆகாது. துறுதுறுவென்று ஓடுவது ஆகாது, அவனுக்குச் சாப்பாடு கிடைக்காது. வந்ததை உடனே உள்ளே கொட்டக் கூடாது, நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பை வைத்து ஒரு வாரம் முகம் பார்க்க விட வேண்டும். விட்ட பிறகு தினமும் அவன் வாலைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஆபீஸ் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். என் கையெழுத்து அழகு என்று நீ சொல்வாயே, அந்த எழுத்தில்.

எழுதிக்கொண்டதால் கேட்டேன் என்று அர்த்தமில்லை. முதலில் கப்பி மீன்களைத்தான் வாங்கினேன், அழகாக இருந்ததால். நீளமான வண்ண வால். ஒரே நாளில் இரண்டின் வால் போய்விட்டது, மீதியைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டுபோய் பாய் கையில் கொடுத்தேன். அவர் சிரிக்காமல் வாங்கிக்கொண்டு, அடியில் மேய்கிற மீசை மீன் ஒன்றைக் காட்டினார். சேற்று நிறம், தட்டை மூக்கு, மணலை ஓயாமல் கிளறிக்கொண்டு தரையெல்லாம் கலக்கியது. இதுதான் அவனோடு ஒத்துப்போகும், இது அவனைத் தொடாது, அவனும் இதைத் தொடமாட்டான் என்றார். பார்க்கச் சகிக்கவில்லை என்று விட்டுவிட்டு வந்தேன். வீட்டில் வந்து சொன்னபோது, அந்த மீசைக்காரன் எப்படி இருப்பான் என்று நீ இரண்டு தடவை கேட்டாய்.

ஆகஸ்டு கடைசியில் போதகர் நம் வீட்டுக்கு ஜெபம் பண்ண வந்த நாள் உனக்கு நன்றாக நினைவிருக்கும். நான் அரை நாள் லீவு போட்டு, நாற்காலி துடைத்து, பிஸ்கட் வாங்கி வைத்திருந்தேன். டோ லா மே அப்போதும் கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். எழுந்து போகச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. போதகர் வேதத்தை விரித்து நூற்று மூன்றாம் சங்கீதத்தை வாசித்து முடித்தார். ஆமென் சொன்ன உடனே அவள் இடுப்பிலிருந்து நோட்டை எடுத்து, இப்போது படித்தது எத்தனாவது பாட்டு என்று பர்மியில் கேட்டாள். அவரும் பாவம், ஆர்வமாய்க் கேட்கிறாள் என்று நினைத்து நூற்று மூன்று என்றார். அவள் அந்த மூன்று எண்ணையும் நாக்கில் பென்சிலை நனைத்து எழுதிக்கொண்டாள். நீ போர்வையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாய். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, நான் உன் முதுகைத் தடவ வேண்டியதாயிற்று. நீ அப்படிச் சிரித்ததை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அப்பாவும் தாத்தாவும் மிஷன் பள்ளியில் வேலை பார்த்த வீடு, அந்த வீட்டுக் கட்டிலில் லாட்டரிக்காரி. மறுநாள் ஆபீசுக்குப் போகும் முன்னால் அவள் கதவைத் தட்டினேன். டாக்டர் ஓய்வு வேண்டும் என்கிறார், புகை ஆகாது, கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம் என்றேன். அவள் வாயிலிருந்து சுருட்டை எடுத்து அதைப் பார்த்துவிட்டு, அப்படியானால் சுருட்டை வெளியே வைத்துவிட்டு வருகிறேன் என்றாள். பேச்சும் ஆகாதாம் என்றேன். டாக்டர் பேச்சைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. அது என் சொந்தச் சரக்கு. அவள் சரி என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

உன்னைத் தனியாகவும் விட முடியாது. துணைக்கு யார் என்று யோசித்தபோது எனக்கு ஒரே ஒரு பெயர்தான் வந்தது. பெரியப்பா மகள், தாமுவேயில் இருந்த எஸ்தர் அக்கா. பள்ளி விடுதியில் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவர்கள், சுத்தம், ஒழுக்கம், சபையில் அவர்கள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. கேட்ட உடனே சம்மதித்தார்கள். இரவு தங்கினால் வார்டு ஆபீசில் விருந்தாளிப் பதிவு செய்ய வேண்டும், அந்த அலைச்சல் வேண்டாம் என்று காலையில் இரண்டு பஸ் மாறி வந்து சாயங்காலம் போவதாக ஏற்பாடு. எவ்வளவு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று எனக்கு மனம் நிறைந்துபோயிற்று.

சபையில் யாருக்காவது கடைசி நாள் நெருங்கினால் எஸ்தர் அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, வசனம் வாசித்து, பயம் இல்லாமல் அனுப்பிவைப்பார்கள். அப்படி அவர்கள் அனுப்பிவைத்தவர்களில் உன் தாயும் ஒருத்தி. இது நம் சபையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. நல்ல மனுஷி என்பது மட்டும்தான் தோன்றியது. முதல் நாள் காலையில் அவர்கள் கறுப்புக் குடையும் வேதமுமாக வாசலில் வந்து நின்றபோது உன் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கிப் போய்விட்டேன்.

அதே வாரம் துரைக்கும் துணை கொண்டுவந்தேன். காதர் பாய் கடையில் கறுப்புப் பாவாடை மீன் என்று ஒன்று வைத்திருந்தார். சாம்பல் நிற உடம்பு, பின்பாதி முழுக்கக் கறுப்பு. பகட்டு இல்லை, பரபரப்பு இல்லை, ஞாயிறு ஆராதனைக்கு வந்த அம்மாமார் மாதிரி கூட்டமாய் ஒரே இடத்தில் நின்றன. பாய்க்கு மனசில்லை. "அடக்கமாத்தாண்ணே இருக்கும். ஆனா வாலைக் கடிக்கும். வலிக்கிற மாதிரி கடிக்காது, கொஞ்சம் கொஞ்சமாக் கடிக்கும்" என்றார். நான் ஆறு வாங்கிக்கொண்டு வந்தேன்.

நான்காம் நாள் துரையின் நீல ஓரம் கிழிந்திருந்தது. ஆறாம் நாள் அவன் செடிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றான், போட்ட தீனியை எடுக்கவில்லை. யாரும் அவனைத் துரத்தவில்லை, எல்லாம் அமைதியாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலமே சட்டைகூட மாற்றாமல் வலையை எடுத்து ஆறையும் பிடித்தேன். அடுத்த ஞாயிறு அவற்றைக் கொடுத்துவிட்டு, பாய் முதலில் காட்டிய அந்த மீசை மீனில் மூன்று வாங்கிவந்து விட்டேன். இரண்டு நாளில் துரை வெளியே வந்து தீனி எடுத்தான். பார்த்தாயா என்று உன்னைப் பார்த்து நான் பெருமையாகச் சிரித்தேன்.

நீ தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "அதுக்கு வாய் இல்ல. ஆனா உங்களுக்குப் புரிஞ்சிருச்சு."

எனக்குப் புரியவில்லை. வாலைப் பார்த்தாலே தெரியுமே என்று ஏதோ சொன்னேன். அப்போது நீ நேராகவே கேட்டாய். டாக்டர் உண்மையில் என்ன சொன்னார் என்று கேட்டாய். பல வருஷம் என்றுதான் சொன்னார் என்றேன். "அப்போ எஸ்தர் அக்கா எதுக்கு வர்றாங்க? அவங்க யார் வீட்டுக்கு வருவாங்கன்னு எனக்குத் தெரியாதா? எங்க அம்மா கட்டிலிலயும் இதே மாதிரி வந்து உக்காந்தாங்க" என்றாய். சும்மா துணைக்குத்தான் என்றேன். "காலைல வந்ததும் ஆயத்தமா இருக்கியான்னு கேக்கிறாங்க. மத்தியானம் சோறு போட்டுக் குடுத்துட்டு, இந்த உலகத்துச் சாப்பாட்டுல ஆசை வைக்காதேங்கிறாங்க. நல்லவங்கதான். எனக்கு அவங்க வேண்டாம்" என்றாய்.

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி என்ன சொல்ல முடியும். நான் என்ன சொன்னேன் தெரியுமா. பழகிவிடும் என்றேன்.

அவர்களிடம் போய் வர வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? மழையில் இரண்டு பஸ் மாறி வருகிறார்கள். உன் காலில் வீக்கம் ஏறினால் எண்ணெய் போட்டு நீவிவிடுகிறார்கள், நான் முகம் சுளிக்கிற வேலையை எல்லாம் அவர்கள் செய்கிறார்கள். ஒரு வார்த்தை தவறினால் சபையில் என்ன பேசுவார்கள். எனக்கு முகதாட்சண்யம். அந்த ஆறு மீன்களை எடுக்கும்போது யாருடைய முகத்தையும் நான் பார்க்க வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அக்டோபரில் சனிக்கிழமைகளில் வீட்டில் இருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். டோ லா மே நம் வாசலில் நின்றுகொண்டு மொஹிங்கா நூடுல்ஸ் விற்கிறவளோடு கத்திக் கத்திப் பேசினாள். அவள் வீட்டு வாசல் எதிரில்தான் இருக்கிறது, அங்கே நிற்கலாம், ஆனால் நம் கதவை ஒட்டி நின்றாள். எந்த வீட்டுப் பெண் யாரோடு ஓடிப்போனாள், சைக்கிளோடு யார் பசுந்தாங் ஓடையில் விழுந்தான், இந்த வாரம் எந்த எண் விழுந்தது, எல்லாம். எஸ்தர் அக்கா வேதத்தை மூடிவைத்துவிட்டு, ஜெபத்தில் மனம் நிற்கவில்லை, நீ போய் ஒரு வார்த்தை சொல்லு என்று என்னிடம் சொன்னார்கள். நீ கண்ணை மூடிப் படுத்திருந்தாய். தூங்குகிறாய் என்று நினைத்தேன்.

போய்ச் சொன்னேன். சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்றேன். டோ லா மே என்னை நேராகப் பார்த்து, "அவ சொன்னாளா?" என்று கேட்டாள்.

ஆமாம், அவள்தான் சொன்னாள் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பொய் சொல்ல வேண்டும் என்று திட்டம் போட்டுப் போகவில்லை. என் பேச்சை அவள் மதிக்கமாட்டாள், உன் பேச்சை மதிப்பாள் என்று தோன்றியிருக்கும். மதித்தாள். அன்றிலிருந்து அந்த மாடியில் சத்தமே இல்லை. மொஹிங்காக்காரிகூட மெல்ல ஏறி மெல்ல இறங்கினாள். நவம்பரில் ஒரு நாள் நீ, "மமா ஊர்ல இல்லையா? குரலே கேக்கலையே" என்றாய். தெரியவில்லையே என்றேன். அப்போதாவது எழுந்து நாலு எட்டு நடந்து அந்தக் கதவைத் தட்டியிருக்கலாம். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

பிறகு நீ கேட்பதையே விட்டுவிட்டாய். டாக்டரைப் பற்றிக் கேட்கவில்லை, துரையைப் பற்றிக் கேட்கவில்லை. மாத்திரையை விழுங்கினாயா, தலையணைக்கு அடியில் வைத்தாயா என்று நான் சோதித்துப் பார்க்கவில்லை. பின்னால் படுக்கையைச் சுருட்டும்போது ஒன்பது மாத்திரை கிடைத்தது. நீ ரொம்பச் சாதுவாகிவிட்டாய். எஸ்தர் அக்கா என்னிடம், எல்லாவற்றையும் விட்டு மனசு தெளிந்துவிட்டாள் என்று சந்தோஷமாகச் சொன்னார்கள். நானும் அதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டேன்.

கிறிஸ்மஸுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு ஆபீசுக்கு ஆள் வந்தது. நான் வந்து சேரும்போது எஸ்தர் அக்கா உன் கையை மடித்து, தலை வாரி, எல்லாம் முடித்திருந்தார்கள். சாயங்காலம் ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்தபோது என்னைத் தனியே கூப்பிட்டு, டாக்டர் சொன்ன நாள்கணக்குச் சரியாக இருந்ததா என்று கேட்டார்கள். நாள்கணக்கு எதுவும் சொல்லவில்லை, பல வருஷம் இருப்பாள் என்றுதான் சொன்னார் என்றேன். அவர்கள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். "என்கிட்ட நீ சொல்லலியே தம்பி. என்னைக் கூப்பிட்டதும் நான் அதுதான்னு நினைச்சேன்" என்றார்கள். அதற்குப் பிறகு எஸ்தர் அக்கா யார் வீட்டுக்கும் போய் உட்காரவில்லை. கூப்பிட்டவர்களிடம் முழங்கால் வலி என்று சொல்லிவிட்டார்கள். போன வருஷம் அவர்களுக்கும் முடிந்தது.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் டோ லா மே வந்தாள். உள்ளே வரவில்லை, நிலைப்படிக்கு வெளியே நின்றாள். சுருட்டு இல்லை. உள்ளே வர வேண்டாம் என்று நீங்கள் சொன்னதால் வாசலில் நின்று பேசினேன், அவளுக்குத் தெருச் சேதி கேட்காமல் இருக்க முடியாது, கேட்கட்டும் என்றுதான் கத்தினேன் என்றாள். "அதுவும் பிடிக்கலைன்னு சொல்லி அனுப்பிட்டா. அப்புறம் நான் வாயைத் திறக்கலை. நான் என்ன தப்புப் பண்ணினேன்னு அவ உங்ககிட்டச் சொன்னாளா?" என்று கேட்டாள். பெரிய உடம்புக்காரி, சின்னக் குரலில் கேட்டாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன், இல்லை என்று. அவள் திரும்பிப் போய்விட்டாள்.

துரை அடுத்த மழைக்காலம் வரை இருந்தான், அந்த மூன்று மீசைக்காரர்களோடு, வால் முழுசாக வளர்ந்து. அவனுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அதை எழுதவே கை கூசுகிறது. அவன் போன பிறகு தொட்டியை விற்றுவிட்டேன். நான் வேறு மீன் வளர்க்கவில்லை. ஒரு மீனுக்கு யார் ஒத்துப்போவார்கள் என்று கண்டுபிடிக்க லத்தாவுக்கு எத்தனை தடவை நடந்தேன். உனக்கு யார் வேண்டும் என்று உன்னிடம் நான் ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். நீ ஒரே சொல்லில் பதில் சொல்லியிருப்பாய், அதைச் சொல்லும்போது கொஞ்சம் இழுத்துத்தான் சொல்லியிருப்பாய்.

டோ லா மே இன்னும் எதிர்வீட்டில்தான் இருக்கிறாள். எழுபது தாண்டிவிட்டது, ஒரு கண்ணில் புரை. நோட்டை மட்டும் விடவில்லை. தெருவில் அவள் குரல் இன்றைக்கும் டீக்கடை வரை போகும். கீழ்ப்படியில் கத்திக்கொண்டே ஏறுவாள், மூன்றாம் மாடி வரை கேட்கும், நம் மாடிக்கு வந்ததும் நின்றுவிடும். நேற்று சாயங்காலம் மேல்வீட்டுப் பெண்ணோடு ஏதோ சொல்லிச் சிரித்தபடி ஏறி வந்தாள். நம் வாசலுக்கு வந்ததும் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து நிறுத்தி, "மெல்லப் பேசு. இந்த வீட்டம்மாவுக்குச் சத்தம் பிடிக்காது" என்றாள். அந்தப் பெண் உன்னைப் பார்த்ததுகூட இல்லை. இரண்டு பேரும் செருப்புச் சத்தம் வராமல் நடந்து போனார்கள்.

கதவு திறந்துதான் இருந்தது. நான் உள்ளே நாற்காலியில் இருந்தேன். எழுந்து போய், நீ அப்படிச் சொல்லவே இல்லை, அது நான் சொன்ன பொய், நீ அவள் குரலைத் தேடிக்கொண்டே கிடந்தாய் என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். பதின்மூன்று வருஷமாகச் சொல்லியிருக்கலாம். உன்னிடம் இன்றைக்குச் சொல்லிவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.